சவரக்கத்தியில் துரு: கேட்டதும் சொன்னதும்

அண்ணா, தூத்துக்குடியில் இருக்கிறேன். தாத்தாவின் மடக்குச் சவரக்கத்தி, ஜெர்மனியின் சோலிங்கன் ஊரில் செய்தது. சவரம் முடிந்ததும் துடைத்துத்தான் வைக்கிறேன். அப்படியும் அலகையும் பிடியையும் இணைக்கும் ஆணிப் பக்கம் செம்புள்ளி வருகிறதே?

துடைத்தது அலகை மட்டும்தானே தம்பி? தண்ணீர் ஒளிந்திருப்பது ஆணியைச் சுற்றி, பிடியின் இரு தகடுகளுக்கு நடுவே. டிஷ்யூ பேப்பரை மடித்து அந்த இடுக்கில் விட்டு இழுங்கள். ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய். ஒரு மணி நேரம் திறந்தே கிடக்கட்டும், பிறகு மடக்கலாம். பழைய சோலிங்கன், இங்கிலாந்தின் ஷெஃபீல்டு கத்திகள் பெரும்பாலும் கார்பன் எஃகு. துருவைத் தடுக்கும் அளவுக்கு அதில் குரோமியம் கிடையாது. உப்புக்காற்று வேறு. குளியலறையில் மட்டும் வைத்துவிடாதீர்கள்.

தேங்காய் எண்ணெய் தடவலாமா?

நாளானால் காறிப்போகும், வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய் போதும். முகத்தில் படுமே என்றால், மெடிக்கல் ஷாப்பில் லிக்விட் பாரஃபின் கேளுங்கள். தினமும் சவரம் செய்பவருக்கு எண்ணெய்கூடத் தேவையில்லை. துடைத்த கையோடு கத்தி தீட்டும் தோல்வாரில் பத்து முறை, கத்தியின் முதுகு (மழுங்கிய பக்கம்) முன்னே போகும்படி இழுத்தால், கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும் ஈரமும் போய்விடும்.

ஆமை ஓடு போலப் பிடி உள்ள கத்தி. வாங்கி வைத்ததோடு சரி, தண்ணீரே பட்டதில்லை. பிடிக்குள் இருக்கும் பகுதி மட்டும் துருவேறிவிட்டது. எப்படி?

பிடியை மோந்து பாருங்கள். கற்பூர வாசனையோடு நெடியும் அடித்தால் அது செல்லுலாய்ட். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்த்துச் செய்தது. வயதாகிச் சிதையும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுவைக் கக்கும். அது காற்றின் ஈரத்தோடு சேர்ந்தால் நைட்ரிக் அமிலம். அப்புறம் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. பிடியைக் கழற்றிவிட்டு மரத்திலோ கொம்பிலோ புதிதாகப் போடுங்கள். நான் இப்படி ஒன்றை மற்ற கத்திகளோடு ஒரே பெட்டியில் பூட்டி வைத்து, நல்ல கத்தி இரண்டைக் கெடுத்துக்கொண்டவன். கழற்றிய பிடியை அடுப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், குப்பென்று பற்றும்.

வாயோரம் கரும்புள்ளிகள். தேய்த்தால் போகுமா?

நீலமும் கறுப்புமாக மேலாகப் படர்ந்த நிறம் என்றால் விட்டுவிடுங்கள், அது கெடுதல் செய்யாது. நகத்தால் தடவும்போது குழி தட்டினால்தான் வினை. அலகின் உடம்பில் இருக்கும் குழியோடு காலம் தள்ளலாம். வாயில் இருந்தால் சாணைக்கல்லில் நல்ல எஃகு தெரியும்வரை தீட்டியாக வேண்டும், இல்லையென்றால் அந்த இடம் பொடிந்து முகத்தைக் கிழிக்கும். செந்துருவுக்கு 2000 நம்பர் உப்புத்தாளும் எண்ணெயும். வினிகரில் ஊறப்போடும் யோசனையைக் கேட்காதீர்கள், அமிலம் எஃகையும் தின்னும்.

சலூன் வைத்திருக்கிறேன். பிளீச்சில் முக்கி எடுக்கலாமா ஐயா?

கார்பன் எஃகை அது அரித்துவிடும். கடைக்கு, ஆளுக்கொரு புது பிளேடு மாட்டும் கத்திதான் சரி. அலகை மாற்ற முடியாத இந்தப் பழைய வகைக் கத்தி ஒருவருக்கு ஒன்று. படிகாரமும் அலகில் படக்கூடாது, அதுவும் அமிலத்தன்மை உள்ளதுதான்.

மாதக்கணக்கில் வெளியூர். தோல் உறையில் போட்டுப் போகலாமா?

தோல் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். எண்ணெய் தடவி, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். புதுச் செருப்புப் பெட்டியில் வருமே, அதுதான்.