பயன்பாட்டுவாதம் அரசின் நலத்திட்டங்களில் எங்கே தெரிகிறது?

எது மிகப் பலருக்கு மிகுந்த இன்பம் தருகிறதோ அதுவே சரி என்பது ஆங்கிலத் தத்துவஞானி ஜெரமி பெந்தாமின் பயன்பாட்டுவாதம். அது நலத்திட்டங்களை எப்படிப் பாதித்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பாம்பன் கரைக்கு வந்தால் கண்ணாலேயே பார்க்கலாம். அரசின் மீன்பிடித் தடையால் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. மீன் பெருகினால் எல்லோருக்கும் நல்லது. அதற்காக இழப்பைத் தாங்கும் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் நிவாரணம். 'மிகப் பலருக்கு மிகுந்த இன்பம்' என்ற கணக்கு இதுதான்.

ஆனால் கூட்டல் கணக்கில் தனி மனிதர் தொலைந்துபோகிறார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986இல் கடல்சார் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காக்கத்தான் வேண்டும், மறுக்கவில்லை. விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கிக் கடற்பாசி எடுக்கும் பெண்களுக்கோ, தாயும் பாட்டியும் போய்வந்த தீவுக்குப் போவதே குற்றமாகிவிட்டது. அவர்கள் சிலர்தானே என்று கடந்துபோகும் இடத்தில் எனக்கு இந்தக் கொள்கையோடு உடன்பாடு இல்லை.