ஒருவர் மூளையை வைத்து எல்லோருக்கும் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

நான் பி.எஸ்ஸி. உளவியல் முதலாண்டு மாணவி. நினைவாற்றல் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். எனக்கு ஒரு சந்தேகம். ஆய்வு முறைகள் பாடத்தில், கேஸ் ஸ்டடி என்பது ஒரே ஒருவரைப் பற்றிய ஆய்வு, அதன் முடிவைப் பொதுமைப்படுத்தக் கூடாது என்று படித்தோம். அடுத்த பாடம் நடத்தையின் உயிரியல் அடிப்படை. அதைத் திறந்தால் ஃபினியாஸ் கேஜ், 'டான்', எச்.எம். என்று வரிசையாக ஒற்றை ஆட்கள்தான் வருகிறார்கள். கூடாது என்று சொன்ன புத்தகமே அதைச் செய்யலாமா? தோழிகளிடம் கேட்டால் 'ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்' என்கிறார்கள். இப்போதுதான் ஸ்கேன் வசதியெல்லாம் வந்துவிட்டதே, இன்னும் ஏன் அந்தப் பழைய நோயாளிகளையே படிக்க வேண்டும்?

பிராக்டிகல் வகுப்பில் இந்த வாரம் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் சோதனை. அது எதற்கு என்றும் எனக்குச் சரியாகப் புரியவில்லை.

எஸ்., திண்டுக்கல்

அன்புள்ள எஸ்.,

உங்கள் தோழிகள் சொன்ன பழமொழியிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு சோற்றை எடுத்து நசுக்கிப் பார்த்துவிட்டு நம்பிக்கையோடு பானையை இறக்குகிறோம். அது ஏன் பலிக்கிறது? ஒரே அரிசி, ஒரே உலை, ஒரே தீ. நடுவில் கரண்டி போட்டுக் கிளறியும் விட்டிருக்கிறோம். கல்யாண வீட்டில் பெரிய அண்டாவில் சோறு வடிப்பவர்கள் மேலாக ஒரு சோற்றைப் பார்த்துவிட்டு இறக்க மாட்டார்கள், அடிவரை கிளறி அங்கங்கே எடுத்துப் பார்ப்பார்கள். புள்ளியியலில் சமவாய்ப்பு மாதிரி என்று நீங்கள் படிப்பது ஏறக்குறைய இதைத்தான். மனிதர்கள் ஒரே உலையில் வெந்தவர்கள் இல்லை. அதனால் 'எத்தனை பேருக்கு இப்படி?', 'சராசரி எவ்வளவு?' என்று கேட்டால் ஒரு ஆள் போதாது. அந்த விஷயத்தில் உங்கள் புத்தகம் சொல்வது முழுக்கச் சரி.

ஆனால் எச்.எம். விஷயத்தில் கேட்கப்பட்டது அந்தக் கேள்வி அல்ல.

அவர் பெயர் ஹென்றி மொலைசன். பிறந்தது 1926. சிறுவயதிலிருந்தே வலிப்பு. வளர வளர அது கடுமையாகி, வேலைக்குப் போக முடியாத நிலைக்கு வந்துவிட்டது. 1953 ஆகஸ்டில், அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில், வில்லியம் ஸ்கோவில் என்ற அறுவை மருத்துவர் அவர் மூளையின் இரண்டு பக்கமும் டெம்போரல் மடல் எனப்படும், காதை ஒட்டிய மூளைப் பகுதியின் உட்புறத்தை அகற்றினார். அதற்குள் இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்பின் பெரும்பகுதியும் அதோடு போய்விட்டது. வலிப்பு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து 2008இல் இறக்கும்வரை, 55 ஆண்டுகள், புதிதாக நடந்த எதையும் அவரால் மனதில் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை.

மான்ட்ரியாலிலிருந்து பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் 1955இல் அவரைப் பார்க்க வந்தார். இன்று தேதி என்ன என்று கேட்டதற்கு 1953 மார்ச் என்றார் ஹென்றி. வயது 27 என்றார். அப்போது அவர் 29ஐத் தொட்டிருந்தார். நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 112 வந்தது. அறுவைக்கு முன்னால் எடுத்தபோது வந்தது 104. நினைவுச் சோதனையில் மட்டும் 67. இந்த எண்களைச் சேர்த்துப் பாருங்கள். ஒரே தலைக்குள் ஒன்று நன்றாக இருக்கிறது, இன்னொன்று விழுந்துகிடக்கிறது. அறிவு மொத்தமாகத் தேய்ந்ததால் நினைவும் போய்விட்டது என்று இனி யாரும் சொல்ல முடியாது. ஒப்பிடுவதற்கு இரண்டாவது ஆள் வேண்டும் என்றுதான் நாம் நினைக்கிறோம். ஒரே ஆளின் இரண்டு திறன்களையும் ஒப்பிடலாம்.

இன்னொரு நாள் மில்னர் 584 என்ற எண்ணைச் சொல்லி நினைவில் வைக்கச் சொன்னார். கால் மணி நேரம் கழித்துக் கேட்டபோது ஹென்றி சரியாகச் சொன்னார். எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு அவர் தந்த விளக்கம் இது: 5, 8, 4 மூன்றையும் கூட்டினால் 17. 8ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு 17இலிருந்து கழித்தால் 9. அதை இரண்டாகப் பிரித்தால் 5, 4. ஆக 584. இத்தனை நேரமும் அந்த எண்ணைக் கைவிடாமல் மனதுக்குள் உருட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். பேச்சு வேறு பக்கம் திரும்பியது. சில நிமிடங்களில் எண்ணும் போய்விட்டது, அந்தக் கணக்கும் போய்விட்டது. படிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில் நின்றுவிடுவேன். கவனத்தில் பிடித்துவைத்திருக்கும் நினைவு ஒன்று, விட்டுவிட்டுப் பிறகு வந்து எடுக்கும் நினைவு வேறொன்று என்பது அந்த ஒரு சம்பவத்தில் தெரிகிறது.

அப்புறம் உங்கள் நட்சத்திரம். ஆமாம், நீங்கள் பிராக்டிகலில் செய்த அதே சோதனைதான். இரட்டைக் கோட்டால் ஆன நட்சத்திரம், கையை மறைக்கும் ஒரு தட்டி, எதிரே கண்ணாடி. கண்ணாடியை மட்டும் பார்த்து இரண்டு கோடுகளுக்கும் நடுவே பென்சிலை ஓட்ட வேண்டும். முனை திரும்பும் இடத்தில் கை ஸ்தம்பித்து நிற்பதை இந்நேரம் நீங்களே உணர்ந்திருப்பீர்கள். மேலே போக நினைத்தால் கை கீழே இழுக்கும், கோடு வெளியே ஓடும். ஹென்றிக்கும் முதலில் அப்படித்தான் ஆனது. மூன்று நாட்கள், நாளுக்குப் பத்து முறை வரைந்தார். தவறுகள் நாளுக்கு நாள் குறைந்தன. மூன்றாம் நாள் கோடு விலகுவதே அபூர்வமாகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் அவரைப் பொறுத்தவரை அது முதல் நாள். இதற்கு முன் இப்படி ஒன்று செய்ததாக அவருக்கு நினைவே இல்லை. கை கற்றுக்கொண்டிருந்தது, அவருக்குத் தெரியவில்லை.

'நினைவு என்பது ஒன்றுதான், மூளை முழுக்கப் பரவிக்கிடக்கிறது' என்பது அக்காலத்தில் செல்வாக்கோடு இருந்த கருத்து. அதை உடைக்க ஆயிரம் பேர் தேவையில்லை. ஒன்று போய் இன்னொன்று மிஞ்சியிருக்கும் ஒருவரைக் காட்டினால் போதும். 'எல்லாமே இப்படித்தான்' என்ற கூற்றை முறிக்க ஒரு ஆள் போதும், 'எல்லோருக்கும் இப்படித்தான்' என்று நிறுவ ஒரு ஆள் போதாது. பரீட்சையில் கேட்டால் இதை எழுதுங்கள்.

சரி, ஹிப்போகாம்பஸ்தான் காரணம் என்பது மட்டும் எப்படித் தெரிந்தது? இதைப் பாடப் புத்தகங்கள் பெரும்பாலும் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன. 1957இல் ஸ்கோவிலும் மில்னரும் வெளியிட்ட கட்டுரையில் இருப்பவர் ஒருவர் அல்ல, பத்துப் பேர். ஹென்றியைத் தவிர மற்றவர்களில் பெரும்பாலோர் கடுமையான மனநோய்க்காக ஸ்கோவிலிடம் டெம்போரல் மடலில் அறுவை செய்துகொண்டவர்கள். இரண்டு பக்கமும் ஹிப்போகாம்பஸுக்குள் ஆழமாகப் போன இடத்தில் நினைவுக் குறை கடுமையாக இருந்தது. அதற்குச் சற்று முன்னாலேயே கத்தி நின்றுவிட்ட ஒருவருக்கு அந்தக் குறை இல்லை. ஒரு பக்கம் மட்டும் அகற்றப்பட்டவருக்கும் இல்லை. இது ஒப்பீடு அல்லாமல் வேறென்ன?

மில்னர் ஹார்ட்ஃபோர்டுக்கு வந்ததன் பின்னணியும் அப்படித்தான். மான்ட்ரியாலில் மூளை அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்டின் நோயாளிகள் இருவருக்கு இடது பக்கம் மட்டும் அறுவை செய்தும் நினைவு போயிருந்தது. வலது பக்க ஹிப்போகாம்பஸ் முன்பே கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று மில்னரும் பென்ஃபீல்டும் ஊகித்தார்கள். அந்த இருவரில் ஒருவர் இறந்த பிறகு மூளையைத் திறந்து பார்த்தபோது வலது பக்கம் உண்மையாகவே சுருங்கிப்போயிருந்தது. ஊகத்தைச் சொல்லி வைத்துவிட்டு, அது பொய்த்துப்போவதற்கும் வழி விட்டுக் காத்திருந்தார்கள். ஆய்வு முறை என்று நான் மதிப்பது இதைத்தான்.

'டான்' என்ற ஓசையை மட்டுமே சொல்ல முடிந்ததால் அந்தப் பெயர் பெற்ற நோயாளியின் கதையும் ஒருவரோடு முடியவில்லை. 1861இல் முதல் நோயாளி, சில மாதங்களில் இரண்டாமவர், பிறகு மேலும் பலர் என்று பார்த்த பிறகுதான், 1865இல், பேச்சு பெரும்பாலும் மூளையின் இடது பக்கத்தைச் சார்ந்தது என்று பிரெஞ்சு மருத்துவர் ப்ரோக்கா உறுதியாக எழுதினார்.

கேஜ் விஷயத்தில்தான் உங்கள் சந்தேகத்துக்கு நான் முழுதாகத் தலையசைப்பேன். 1848இல் வெர்மான்ட்டில் ரயில் பாதை வேலையில், மூன்றரை அடிக்கும் மேல் நீளமான இரும்புக் கம்பி அவர் கன்னத்தில் புகுந்து உச்சந்தலை வழியாக வெளியேறியது. அவர் பிழைத்தார். விபத்துக்கு முன்பும் பின்பும் அவருக்கு எந்த உளவியல் சோதனையும் வைத்ததில்லை. இறந்தபின் மூளையை யாரும் பார்க்கவில்லை. குணம் மாறிவிட்டது என்பதற்கு முக்கியமான ஆதாரம் அவருக்கு வைத்தியம் பார்த்த ஹார்லோ 1868இல் எழுதிய சில பக்கங்கள்தான். பிற்காலப் புத்தகங்கள் அதற்குமேல் குடிகாரன், ஊர் சுற்றி, முரடன் என்று சேர்த்துக்கொண்டே போயின. ஆனால் அதே கேஜ் சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டி உழைத்திருக்கிறார். பொழுது தவறாமல் குதிரை பூட்டி, பயணிகளை ஏற்றி, கரடுமுரடான பாதையில் வண்டி ஓட்டும் ஒருவரை முற்றிலும் கட்டுப்பாடு இழந்தவர் என்று எப்படிச் சொல்வது? ஒற்றை ஆளின் கதையில் ஒப்பீடும் அளவீடும் இல்லாவிட்டால் சொல்பவர் விருப்பத்துக்கு அது வளரும். இப்படிப்பட்ட கேஸ் ஸ்டடியைத்தான் நம்பக் கூடாது.

ஸ்கேன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஸ்கேன் பெரும் கொடை, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேலை செய்யும்போது மூளையின் ஒரு பகுதி ஒளிர்கிறது என்றால் இரண்டும் சேர்ந்து வருகின்றன என்றுதான் பொருள். அது ஒட்டுறவு. அந்தப் பகுதி இல்லாவிட்டால் அந்த வேலை நடக்காதா என்பதை ஸ்கேன் மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. நகரத்தின் தெருக்களை மனப்பாடம் செய்யும் லண்டன் டாக்ஸி ஓட்டுநர்களுக்கு ஹிப்போகாம்பஸின் பின்பகுதி பெரிதாக இருப்பதாக 2000இல் நரம்பியல் ஆய்வாளர் எலினார் மக்வயர் குழு காட்டியது. தெருக்களைப் படித்ததால் பெரிதானதா, பெரிதாக இருந்தவர்கள்தான் அந்த வேலைக்கு வந்தார்களா? அதைத் தெரிந்துகொள்ள, பயிற்சிக்கு வந்த 79 பேரைத் தொடக்கத்திலேயே ஸ்கேன் எடுத்து, ஆண்டுகள் கழித்து அவர்களில் 59 பேரை மறுபடியும் எடுத்தார்கள். தொடக்கத்தில் வித்தியாசம் இல்லை. பின்னால், தேர்ச்சி பெற்ற 39 பேரிடம் மட்டும் அந்தப் பகுதி வளர்ந்திருந்தது. 2011இல் அது வெளிவந்தது. கருவி அதேதான், கேள்வியை அமைத்த விதம்தான் மாறியது.

இன்னொன்று. ஹென்றியை 'நோயாளி எச்.எம்.' என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அவர் இறந்த பிறகே பெயர் வெளியானது, இப்போது சொல்லத் தடையில்லை. அந்த அறுவையை இனி யாரும் இரண்டு பக்கமும் செய்யக் கூடாது என்று ஸ்கோவிலே பிறகு எச்சரித்தார். அதே சோதனைகளுக்கு அலுப்பில்லாமல் அரை நூற்றாண்டு உட்கார்ந்துகொடுத்தவர் ஹென்றி. ஒவ்வொரு முறையும் தன்னைச் சோதிப்பவரிடம் புதியவரிடம் பேசுவதுபோலப் பணிவாகப் பேசினார்.

உங்கள் ரெக்கார்ட் நோட்டில் ஒவ்வொரு முயற்சிக்கும் எத்தனை தவறு, எத்தனை வினாடி என்று குறித்திருப்பீர்கள். அதை வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து மறுபடியும் ஒரே ஒருமுறை வரைந்து, அந்த எண்ணையும் பக்கத்தில் குறியுங்கள். முடிந்தால் எனக்கு அனுப்புங்கள்.

அன்புடன்.