எண்பது வயசுல தலையில ஆபரேஷனா?

கேள்வி: அப்பாவுக்கு 80 வயசு. ஒன்றரை மாசம் முன்னாடி பாத்ரூம்ல வழுக்கி விழுந்தார், பெருசா அடி இல்ல. இப்ப நடை தள்ளாடுது, பேச்சு குழறுது, பகல் பூரா தூங்குறார். ஸ்கேன்ல மூளைக்கு மேல ரத்தம் தேங்கியிருக்கு, ஓட்டை போட்டு எடுக்கணும்ங்கறாங்க. சித்தப்பா, "இந்த வயசுல வேண்டாம், மாத்திரையில பாத்துக்கலாம்"ங்கறார். என்ன செய்யட்டும்?
- வாசகி, கரூர்

பதில்: சித்தப்பா பயப்படுறது நியாயம்தாம்மா, ஆனா அவர் நினைக்கிற ஆபரேஷன் வேற, டாக்டர் சொல்றது வேற. மூளைக்குள்ள யாரும் கை வைக்கப் போறதில்ல.

வயசாக ஆக மூளை சுருங்கும், மண்டையோட்டுக்கும் அதுக்கும் நடுவுல இடைவெளி கூடும், அதைத் தாண்டிப் போற சின்ன ரத்தக்குழாய்ங்க இழுபட்டு நிக்கும், லேசா அடிபட்டாலே ஒண்ணு கிழிஞ்சு மெதுவா கசிய ஆரம்பிச்சிரும். அதான் அன்னைக்கு நல்லா இருந்தவர் வாரக்கணக்குல கழிச்சு தள்ளாடுறார். எத்தனை வீட்ல இத "வயசாயிருச்சு"ன்னு விட்டுர்றாங்க தெரியுமா, அதுதான் எனக்கு ஆத்தாமை.

பழைய ரத்தம் பெரும்பாலும் தண்ணியா ஆயிருக்கும், ஒண்ணு ரெண்டு ஓட்டை வழியாவே வடிச்சிரலாம், முழு மயக்கம் ஒத்துக்காதுன்னா அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வச்சும் பண்றாங்க. அப்புறம் மிச்சம் வடியறதுக்கு ரெண்டு நாள் ட்யூப் வைப்பாங்களான்னு கேளுங்க. 2009ல லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல வந்த கேம்பிரிட்ஜ் ஆய்வுல, ட்யூப் வச்சவங்கள்ல சுமார் 9 சதவீதம் பேருக்குத்தான் மறுபடி ஆபரேஷன் தேவைப்பட்டுச்சு, வைக்காதவங்கள்ல 24.

மாத்திரையா? ரத்தம் கொஞ்சமா இருந்து தொந்தரவு இல்லேன்னா ஸ்கேன் எடுத்து எடுத்துப் பார்க்கலாம், உங்க அப்பா அந்தக் கட்டத்தைத் தாண்டிட்டார். ஸ்டீராய்டு மாத்திரைய 2020ல பிரிட்டன்ல சோதிச்சாங்க, ஆறு மாசம் கழிச்சுப் பார்த்தா சாப்பிட்டவங்க நிலைமைதான் மோசம்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின்னு ரத்தம் உறையாம இருக்க எது சாப்பிட்டாலும் டாக்டர்கிட்ட சொல்லிருங்க, நீங்களா நிறுத்தாதீங்க.

வயசை விட முக்கியமான கேள்வி ஒண்ணு: விழறதுக்கு முன்னாடி தானா நடந்து, பேப்பர் படிச்சு, கடைக்குப் போய்ட்டு இருந்தாரா? ஆமான்னா தயங்காதீங்க. வருஷக்கணக்கா படுக்கையில இருந்தவர்னா அது வேற பேச்சு, வேண்டாம்னு முடிவெடுக்கிறதும் தப்பில்ல. எதுவானாலும் மாசக்கணக்குல யோசிக்க இதுல டைம் இல்ல. வாந்தி, ஒரு பக்கம் கை கால் இழுக்கிறது, எழுப்பினா எழுந்திரிக்காம கிடக்கிறது, இதுல எது வந்தாலும் அப்பவே கூட்டிட்டுப் போங்க.

ரிஸ்க் இல்லாம இல்ல: கிருமித்தொற்று, ஃபிட்ஸ், மறுபடி தேங்குறது. அதோட முதல் ரெண்டு மூணு ராத்திரி ஆளு குழம்பிப்போய் ட்யூபை இழுக்கப் பார்க்கலாம், அந்தக் குழப்பம் குறைய கண்ணாடி, காது மெஷினை மறக்காம எடுத்துட்டுப் போங்க, பழகின ஆள் ஒருத்தர் பக்கத்துலயே இருக்கணும், சித்தப்பாவே இருந்தா ரொம்ப நல்லது.