ஷிமொனாடா: கடிதம்

வணக்கம் சார்,

ஜப்பானில் ஷிமொனாடா ஸ்டேஷனில் மூன்று மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததாகப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். ஊழியரே இல்லாத ஸ்டேஷனில் டிக்கெட்டை யார் வாங்கிக்கொள்வார்கள்? அக்டோபரில் ஒசாகா போகிறேன். கடலைப் பார்த்திருக்கும் அந்த ஒரு பெஞ்சுக்காக ஷிகோகு தீவு வரை போவது தகுமா?

மு., தஞ்சாவூர்

அன்புள்ள மு.,

ஸ்டேஷனில்தான் ஆள் இல்லை, ரயிலில் இருக்கிறார். பெரும்பாலும் ஒற்றைப் பெட்டி டீசல் வண்டி, ஓட்டுநரே கண்டக்டரும். பக்கத்துப் பெரிய நகரமான மாட்சுயாமாவில் டிக்கெட் வாங்கியிருந்தால் இறங்கும்போது அவரிடம் கொடுத்தால் போதும். சின்ன ஸ்டேஷனில் ஏறினால் கதவருகே இருக்கும் பெட்டி, எண் அச்சிட்ட துண்டுச்சீட்டு ஒன்றை நீட்டும். ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்கு நேரே கட்டணம் ஏறிக்கொண்டே வரும். இறங்கும்போது சீட்டையும் காசையும் உண்டியலில் போட வேண்டும். பக்கத்திலேயே சில்லறை மாற்றும் இயந்திரம் உண்டு. ஆயிரம் யென் நோட்டுக்கு மேல் வாங்காது. நான் முந்தின ஸ்டேஷனான இயோ-கமினாடாவில் ஏறிவிட்டு, பத்தாயிரம் யென் நோட்டோடு நின்றேன். வண்டி காத்திருக்கிறது. முன் சீட்டுப் பாட்டி ஒருவர் பர்ஸைத் திறந்து, பத்து நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி என் கையில் வைத்தார்.

சரி, தகுமா? பெஞ்சுக்கு அடுத்ததே கடல் என்று காட்டும் படத்தை நம்பிப் போனால் ஏமாறுவீர்கள். 1935-இல் திறந்தபோது பிளாட்பாரத்துக்குக் கீழேயே கடல். அப்புறம் கரையைத் தூர்த்து 378-ஆம் எண் சாலையைப் போட்டுவிட்டார்கள். படமெடுப்பவர்கள் சாலை விழாதபடி பின்னால் தள்ளி நிற்கிறார்கள்; பைக் சத்தம் படத்தில் கேட்காது அல்லவா! 1990-களின் கடைசியில் செய்ஷுன் 18 என்ற மலிவு டிக்கெட்டின் போஸ்டர்களில் வந்ததிலிருந்து கூட்டம்தான். சாயங்காலம் அந்தப் பெஞ்சுக்கு வரிசை நிற்கிறது, அதிலும் பாதிப்பேர் காரில் வந்தவர்கள்.

எனக்குப் பிடித்தது கடல்கூட இல்லை. 1986-இல் உச்சிகோ வழியாக மலையைக் குடைந்து குறுக்குப் பாதை போட்டதும் எக்ஸ்பிரஸ்கள் எல்லாம் அந்தப் பக்கம் போய்விட்டன. கடலோரப் பாதைக்கு லோக்கல் மட்டும் மிஞ்சியது. பிளாட்பாரத்தின் இருபுறமும் இருந்த தண்டவாளங்களில் இப்போது ஒன்றுதான் இருக்கிறது. இன்னொன்று கிடந்த இடத்தில் புல். நான் அதைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒசாகாவிலிருந்து போகவே அரை நாள் ஆகும், அதனால் மாட்சுயாமாவில் ஒரு ராத்திரி தங்குங்கள். வார நாளில், காலை வண்டியில் போங்கள். அடுத்த வண்டிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். சாப்பாட்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. நோட்டை முதல் நாளே மாற்றிவிடுங்கள்.