கேஸ், கரண்ட் கம்பெனி மாறினால் மிச்சமாகுமா? பிரிட்டன் வாசகர்களுக்குப் பதில்கள்

ஹீட்டிங் போடும் காலம் வந்துவிட்டாலே எனக்கு வரும் கேள்விகளில் பாதி பில்லைப் பற்றித்தான். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து, நீளமானவற்றைச் சுருக்கிப் பதில் சொல்கிறேன். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸில் இருப்பவர்களுக்கானது இது. வட அயர்லாந்துக் கதை வேறு, அது கடைசியில்.

ஆஃப்ஜெம்தான் (கேஸ், கரண்ட் கம்பெனிகளை மேற்பார்வை செய்யும் அரசு அமைப்பு) விலைக்கு வரம்பு வைத்திருக்கிறதே, அதற்கு மேல் பில் வராதுதானே? பிறகு எதற்குக் கம்பெனி மாற வேண்டும்? (ஹாரோ)

வரும், தாராளமாக வரும். செய்தியில் சொல்கிற அந்தப் பவுண்ட் தொகை உங்கள் பில்லுக்கான உச்சவரம்பு இல்லை. ஆண்டுக்கு இத்தனை யூனிட் கரண்ட், இத்தனை யூனிட் கேஸ் என்று வைத்து, ஒரு 'சராசரி' வீட்டுக்குப் போட்ட கணக்கு அது. வரம்பு இருப்பது ஒரு யூனிட்டின் விலைக்கும், தினசரி ஸ்டாண்டிங் சார்ஜுக்கும் (எதுவும் செலவழிக்காவிட்டாலும் நாள்தோறும் ஏறும் நிலையான கட்டணம்) மட்டும். அம்மா அப்பா, இரண்டு பிள்ளைகள், பகல் முழுக்க வீட்டில் இருக்கிற பாட்டி என்று ஐந்து பேர் இருக்கிற வீட்டில் சராசரியைத் தாண்டுவது சகஜம்.

2019 ஜனவரியில் வந்த இந்த வரம்பு இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. நீங்கள் எந்த டீலும் எடுக்காமல் இருந்தால் அதோடு சேர்ந்து உங்கள் விலையும் ஏறி இறங்கும். ஃபிக்ஸட் டீல் என்றால் ஒப்பந்தம் முடியும்வரை யூனிட் விலை மாறாது (பயன்பாடு கூடினால் பில் கூடத்தான் செய்யும், அதை யாராலும் ஃபிக்ஸ் பண்ண முடியாது). அந்த ஃபிக்ஸட் விலை இன்றைய வரம்பைவிடக் குறைவாக இருந்தால் யோசிக்கலாம். அதிகமாக இருந்தால், விலை ஏறும் என்று நீங்கள் பந்தயம் கட்டுகிறீர்கள், அவ்வளவுதான்.

இரண்டு டீல் பார்த்தேன். ஒன்றில் யூனிட் விலை குறைவு, இன்னொன்றில் ஸ்டாண்டிங் சார்ஜ் குறைவு. எது லாபம்? (டூட்டிங்)

உங்கள் யூனிட் எண்ணிக்கை தெரியாமல் யாரும் சொல்ல முடியாது. ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். முதல் டீல் யூனிட் 24 பென்ஸ், ஒரு நாளைக்கு 60 பென்ஸ். இரண்டாவது யூனிட் 27 பென்ஸ், ஒரு நாளைக்கு 30 பென்ஸ். தனியாக ஃபிளாட்டில் இருந்து ஆண்டுக்கு 1,500 யூனிட் செலவழிப்பவருக்கு முதல் டீல் 579 பவுண்ட், இரண்டாவது 514.50. அதே டீல்களில் 5,000 யூனிட் செலவழிக்கிற பெரிய வீட்டுக்கு 1,419, 1,459.50 என்று தலைகீழாகிவிடும். அதனால் நண்பருக்கு மிச்சமான டீல் உங்களுக்கும் மிச்சமாகும் என்று நம்பி இறங்காதீர்கள். பில்லில் ஆண்டுப் பயன்பாடு கிலோவாட் மணியில் போட்டிருக்கும், ஒரு கிலோவாட் மணிதான் ஒரு யூனிட். அந்த எண்ணைக் கொடுத்து ஒப்பிடுங்கள். மாதம் கட்டுகிற தொகையைக் கொடுத்தால் விடை கோணலாகத்தான் வரும், ஏனென்றால் டைரக்ட் டெபிட் தொகை கம்பெனி போடுகிற ஒரு மதிப்பீடு.

ஒப்பிடும் தளங்களுக்குக் கம்பெனிகளிடமிருந்து கமிஷன் உண்டு. தங்கள் வழியாக மாறக்கூடிய டீல்களை மட்டும் முதலில் காட்டுவதும் உண்டு. எல்லா டீல்களையும் காட்டும் வசதி இருக்கிறதா என்று தேடி அதைத் தட்டிவிட்டுப் பாருங்கள்.

மாறும் நாளில் கேஸ் நின்றுவிடுமா? வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. (ஈஸ்ட் ஹாம்)

நிற்காது. அதே குழாய், அதே கம்பி, பெரும்பாலும் அதே மீட்டர். மாறுவது பில் அனுப்புகிற ஆள் மட்டும்தான். பொதுவாக ஐந்து வேலை நாட்களில் முடிந்துவிடும், மனம் மாறினால் ரத்து செய்ய 14 நாள் அவகாசமும் உண்டு. மாறும் நாளில் மீட்டரைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பழைய கம்பெனியின் கடைசி பில்லில் சண்டை வந்தால் அந்தப் படம்தான் பேசும்.

எங்கள் தெருவில் எல்லாம் ஒரே மாதிரி வீடு. எனக்கு மட்டும் கேஸ் பில் இரண்டு மடங்குக்கும் மேல். கம்பெனி மாறினால் சரியாகுமா? (லெஸ்டர்)

அவசரப்படாதீர்கள், முதலில் மீட்டரைப் பாருங்கள். பழைய கேஸ் மீட்டர்கள் கன அடியில் அளக்கும், புதியவை கன மீட்டரில். பழைய மீட்டரில் ஒரு எண் நகர்ந்தால் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். அதனால் பில் போடும்போது பழைய மீட்டரின் எண்ணை மட்டும் 2.83ஆல் பெருக்குவார்கள். மீட்டரை மாற்றிவிட்டு கம்பெனியின் பதிவில் பழைய வகை என்றே விட்டுவிட்டால், நீங்கள் எரிக்காத கேஸுக்கெல்லாம் பணம் கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். பில்லில் இருக்கிற இரண்டு ரீடிங்குகளின் வித்தியாசத்தை எடுங்கள், கிலோவாட் மணியை அதால் வகுங்கள். 11க்குப் பக்கத்தில் வந்தால் கன மீட்டர் கணக்கு, 31, 32 என்று வந்தால் கன அடி கணக்கு. மீட்டரின் முகத்தில் எந்த அளவு எழுதியிருக்கிறது என்று பார்த்து இரண்டும் ஒத்துப்போகிறதா என்று சரிபாருங்கள். ஒத்துப்போகவில்லையென்றால் மீட்டர் படத்தோடு எழுத்தில் புகார் கொடுங்கள், கூடுதலாகக் கட்டியதைத் திருப்பிக் கேளுங்கள். எட்டு வாரத்தில் தீராவிட்டால் எனர்ஜி ஆம்புட்ஸ்மனிடம் (இந்தப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அமைப்பு) போகலாம், செலவில்லை. இதைத் தீர்க்காமல் கம்பெனி மாறினால் தப்பான பதிவும் கூடவே வந்துவிடலாம்.

மீட்டர் சரியாக இருந்தால்? பாய்லர், ஜன்னல், லாஃப்ட் இன்சுலேஷன் பக்கம் பாருங்கள். கம்பெனி மேல் குற்றமில்லை.

வாடகை வீடு. லேண்ட்லார்ட் மாறக் கூடாது என்கிறார். (இல்ஃபர்ட்)

பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே நேரடியாகக் கட்டினால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. வாடகை ஒப்பந்தத்தில் இதைப் பற்றி ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மாறுங்கள். பில் அவர் பெயரில் இருந்து வாடகையோடு வாங்கினால் முடிவு அவருடையதுதான்.

எனது ஃபிக்ஸட் டீல் இன்னும் இரண்டு மாதத்தில் முடிகிறது. இப்போதே போனால் அபராதமா? (மில்டன் கீன்ஸ்)

கடைசி 49 நாட்களுக்குள் வந்துவிட்டால் வெளியேறும் கட்டணம் கேட்கக் கூடாது. கொஞ்சம் பொறுங்கள், இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான்.

ப்ரீபேமெண்ட் மீட்டர் (முன்பணம் போட்டுப் பயன்படுத்துவது), அதில் பழைய கடன் 300 பவுண்ட். மாற முடியுமா? (கிராய்டன்)

முடியும். ப்ரீபேமெண்ட்டில் கேஸுக்கு 500, கரண்டுக்கு 500 பவுண்ட் வரை கடன் இருந்தாலும் மாறலாம், கடனும் உங்களோடு புதுக் கம்பெனிக்கு வரும். அரசு உதவித்தொகை (பெனிஃபிட்) ஏதாவது வாங்குகிறீர்களா? அப்படியானால் வார்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்கிற பில் தள்ளுபடி 150 பவுண்ட் உங்களுக்கு உண்டா என்று முதலில் பாருங்கள். இப்போதைக்கு அது டீல் மாறுவதைவிடப் பெரிய தொகையாக இருக்கலாம்.

பெல்ஃபாஸ்டில் இருக்கிறோம். எங்களுக்கு?

ஆஃப்ஜெம் வரம்பு அங்கே செல்லாது, மேற்பார்வை யூட்டிலிட்டி ரெகுலேட்டரிடம் இருக்கிறது. கம்பெனிகளும் குறைவு, கேஸில் தேர்வு நீங்கள் இருக்கும் பகுதியைப் பொறுத்தது. கன்ஸ்யூமர் கவுன்சில் நடத்தும் ஒப்பீட்டு வசதியில் பாருங்கள். லண்டன் உறவினர் அனுப்பும் டீல் லிங்க் உங்களுக்கு உதவாது.