ஊறுகாய் பாட்டிலில் ராணி எறும்பு

கேள்வி: ஐயா, அமீரகத்தில் அல் ஐன் பக்கம் ஒரு மசராவில் (தோட்டத்தில்) வேலை. 60 பேரீச்சை மரங்கள் என் பொறுப்பு. மழை பெய்த மறுநாள், மணலில் கறுப்பு எறும்பு ஒன்று தனியாகக் குழி பறித்தது. ஒன்றரை சென்டிமீட்டர் இருக்கும், இறகு இல்லை. பிடித்து ஊறுகாய் பாட்டிலில் வைத்திருக்கிறேன், படம் இணைத்துள்ளேன். இரண்டு மரங்களில் எறும்பு சாரைசாரையாக ஏறுகிறது. இந்த ராணிதான் காரணமா? பூச்சிமருந்துக் கடைக்காரர் எல்லா மரத்துக்கும் தூள் போடச் சொல்கிறார்.

பதில்: தம்பி, ராணிதான். முதுகு புடைத்திருக்கிறது, இறகு உதிர்ந்த தழும்பும் தெரிகிறது. இடுப்பில் இரண்டு முடிச்சு, பெரிய தலை. மெஸ்ஸோர் இனம், புல் விதை பொறுக்கிச் சேர்க்கிற ஜாதி. நம்மூரில் பஞ்ச காலத்தில் புற்றைக் கிண்டிப் புல்லரிசி எடுப்பார்களே, அந்தப் பிழைப்புதான் இதற்கும். ஒரே முடிச்சு, மெலிந்த உடம்பு, அரை சென்டிமீட்டர், ஈரமான குழாயடியில் குடியிருப்பு என்றால் அது சம்சூம் எறும்பு. அதைக் கையால் தொடாதீர்கள். கொட்டினால் சிலருக்கு மூச்சே அடைத்துவிடும், உடனே ஆஸ்பத்திரிதான்.

இந்த ராணி நேற்று வந்தவள். வாயில் ஒன்றும் போடாமல், பறக்கப் பயன்பட்ட தசையையே கரைத்து முதல் குஞ்சுகளை வளர்க்க வேண்டும். அவள் எப்படி உங்கள் மரத்தில் படை ஏற்றுவாள்?

எறும்பு ஏன் அந்த இரண்டு மரத்தில் மட்டும் ஏறுகிறது? அதைத்தான் நீங்கள் கேட்டிருக்க வேண்டும். மட்டையைத் தடவிப் பாருங்கள். பிசுபிசுத்தால் சாறு உறிஞ்சுகிற துபாஸ் தத்துப்பூச்சி, அதன் இனிப்புக் கழிவுக்குத்தான் கூட்டம். மட்டை சுத்தமாக இருந்தால் பக்கக்கன்று பிரிகிற இடத்தில் குனிந்து மோந்து பாருங்கள். புளித்த வாடை, பழுப்புச் சாறு, மென்று துப்பிய நார் இருந்தால் சிவப்புக் கூன்வண்டு. 1980களின் நடுவில் அமீரகத்துக்குள் நுழைந்தது, இன்னும் போகவில்லை. அது இருந்தால் அன்றைக்கே அர்பாபிடம் (முதலாளியிடம்) சொல்லிவிடுங்கள். திட்டினாலும் பரவாயில்லை, மறைத்தால் மரம் போய்விடும்.

தூள் போட்டால் எறும்பு சாகும், வண்டு உள்ளே நிம்மதியாகத் தின்னும். கடைக்காரருக்கு 60 மரத்துக்கும் பில். மரத்தடிக்கு வராமலே மருந்து எழுதுகிறவரை நான் நம்புவதில்லை. அந்தக் காலத்தில் ஏமன் விவசாயிகள் மலையிலிருந்து எறும்புக் கூடுகளைக் கொண்டுவந்து பேரீச்சையில் வைத்தார்கள். மரத்தைக் கெடுக்கிற எறும்பை அவை தின்றுவிடுமாம். ஃபோர்ஸ்கால் என்ற ஆய்வாளரின் குறிப்பு இது, 1775இல் அச்சானது. மலையிலிருந்து தேடிக் கொண்டுவந்த எறும்பை நாம் காசு கொடுத்துக் கொல்கிறோம் என்று அவர்கள் கேட்டால் சிரிப்பார்கள்.

பாட்டிலை வேலிக்கு வெளியே மணலில் கவிழ்த்துவிடுங்கள். அப்புறம் அந்த இரண்டு மரத்தின் அடிப்பக்கப் படம் அனுப்புங்கள், கிட்டத்தில் எடுத்தது.