வெட்டிய காட்டில் கூடும் தண்ணீர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

காட்டை வெட்டினால் ஓடைகள் கெடும் என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் மரங்களை வெட்டியபின் ஓடையில் தண்ணீர் கூடுகிறது என்று ஆய்வுகளே சொல்கின்றனவே? தண்ணீர் கூடினால் மீனுக்கு நல்லதுதானே?

கே.

அன்புள்ள கே.,

தண்ணீர் கூடும், சரிதான். மரங்கள் உறிஞ்சி இலைவழியே ஆவியாக்கிக்கொண்டிருந்த நீர் ஓடைக்கு வந்துவிடும். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965 கடைசியில் ஒரு சிறு ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதியை முழுக்க வெட்டிப் பார்த்தார்கள். அடுத்த ஆண்டு நீரோட்டம் 40 சதவீதம் அளவுக்குக் கூடியது. கூடவே மண்ணிலிருந்த நைட்ரேட்டும் குடிநீர் வரம்பைத் தாண்டுமளவுக்குக் கரைந்து வந்தது. (எதுவும் முளைக்காமலிருக்கக் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். அதையும் கணக்கில் வைக்கவேண்டும்.) பிறகு களைக்கொல்லியை நிறுத்தி இளமரங்கள் எழும்பியதும், கூடிய தண்ணீர் சில ஆண்டுகளில் குறைந்துவிட்டது.

மீன் விஷயத்துக்கு ஒரிகான் மாநிலத்தின் அல்சீ ஆய்வைப் பார்க்கலாம். 1959இல் தொடங்கி 1973வரை நடந்தது. அருகருகே மூன்று ஓடைகள். பிளின் கிரீக்கைத் தொடவில்லை. டியர் கிரீக்கில் திட்டுத்திட்டாக வெட்டி, கரையோர மரங்களை விட்டுவைத்தார்கள். நீடில் பிராஞ்சில் 1966இல் கரைவரை மொட்டையாக வெட்டி, மிஞ்சிய கிளைகளுக்குத் தீயும் வைத்தார்கள். அடுத்த கோடையில் அந்த ஓடையின் உச்ச வெப்பம் முன்பிருந்த 14 டிகிரி செல்சியஸிலிருந்து 29ஐத் தாண்டியது. குளிர்நீரில் வாழும் டிரவுட் மீனுக்கு அது வெந்நீர். வெதுவெதுப்பான நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்; விழுந்த இலைதழைகள் அழுகி, இருந்ததையும் தின்றன. இந்த மீன்கள் முட்டையிடுவது கூழாங்கற்களுக்கு நடுவே. வெட்டிய நிலத்திலிருந்து மழை அரித்துவரும் வண்டல் அந்த இடுக்குகளில் அடைத்தால் முட்டைக்கு மூச்சு கிடையாது. அங்கிருந்த இன்னொரு மீனான கோஹோ சால்மன் ஓரளவு தாக்குப்பிடித்தது. கட்த்ரோட் என்ற டிரவுட் வகை வெகுவாகக் குறைந்து, ஆய்வு முடியும்வரை பழைய எண்ணிக்கைக்குத் திரும்பவில்லை.

டியர் கிரீக்கில் வெப்பம் பெரிதாக ஏறவில்லை. நிழல் இருந்ததே. ஆனால் அங்கும் மண் வந்தது, மரம் ஏற்றப் போட்ட சாலை சரிந்ததால்! சாலையை யாரும் காடு வெட்டும் கணக்கில் சேர்ப்பதில்லை என்பது என் பழைய புகார்.

ஆகவே எத்தனை மரம் வெட்டினார்கள் என்பதைவிட எங்கே வெட்டினார்கள், எப்படி வெளியே கொண்டுபோனார்கள் என்றுதான் நான் முதலில் கேட்பேன். 1971இல் ஒரிகான் கொண்டுவந்த காட்டுத்தொழில் சட்டத்துக்குப் பின்னால் இந்த ஆய்வும் இருந்தது. அப்புறம் அங்கே பெரிய சண்டை, கரையில் எத்தனை அடி அகலத்துக்கு மரங்களை விடுவது என்பதில்தான்.